சேதுராமனைக் கடிக்காத நுளம்பு

சேதுராமனின் நெஞ்சைத் திறந்து, பழுதாகிப்போன வால்வை எடுத்துவிட்டுப் புது வால்வு பொருத்திய ஏழாம் நாள், அவருக்கு டெங்கு என்று ஆஸ்பத்திரி முடிவு செய்தது. இது பற்றிச் சேதுராமனிடமும் கேட்கவில்லை, நுளம்பிடமும் கேட்கவில்லை.

கண்டிப் பக்கத்தில், பெயர் சொன்னால் கோபித்துக்கொள்ளும் ஒரு ஆஸ்பத்திரி அது. சேதுராமன் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ஒரு இரும்புக்கடையில் இருபத்தாறு வருடமாக நிற்பவர். ஆணி, கொக்கி, குழாய், குழாய்க்குப் போடும் வால்வு எல்லாம் விற்ற கை. ஆகவே நெஞ்சுக்குள் ஒரு வால்வு வைக்கப் போகிறோம் என்று சொன்னபோது அவர் பயப்படவில்லை. எத்தனை வருடத்துக்குக் கியாரண்டி என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் வரவில்லை.

ஏழாம் நாள் காலை பெரிய டொக்டர் ரவுண்ட் வந்தார். அவர் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே வாட்டு மாப்பிள்ளை வீட்டார் வரும் வீடுபோல் ஆகிவிடும். பார்க்க வந்த சொந்தக்காரர்களை விரட்டுவார்கள். பிளாஸ்க்குகளை ஒளிப்பார்கள். நோயாளிகளை நேராகப் படுக்கச் சொல்வார்கள். நேராகப் படுக்க முடியாதவர்கள்மேல் நேரான போர்வை ஒன்றைப் போர்த்துவார்கள். அதன் பிறகு பெரிய டொக்டர் வருவார். அவருக்குப் பின்னால் பதினாலு பேர், பதவி வரிசைப்படி.

பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சேதுராமனின் நெஞ்சில் குழலை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். புது வால்வு டிக் டிக் என்றது. அவர் முகத்தில் பேரப்பிள்ளையின் பாட்டைக் கேட்கும் சந்தோஷம்.

"மணிக்கூடு மாதிரி. என்ர வால்வு அருமையா வேலை செய்யுது," என்றார்.

"எனக்குத்தான் கொஞ்சம் ஏலாம இருக்குங்க ஐயா," என்றார் சேதுராமன்.

"அது வால்வில இல்லை. நீங்கள் யோசிக்க வேண்டாம்," என்று பெரிய டொக்டர் ஆறுதல் சொன்னார்.

பதினாலு பேர் வரிசையில் கடைசியாக நின்றது றம்லத். அக்குறணைப் பிள்ளை, டொக்டராகி எட்டு மாதம். "சேர், பிளேட்லெட் குறைஞ்சிட்டு. ஒப்பரேசனுக்கு முந்தி ரெண்டு லெச்சத்திப் பத்தாயிரம் இருந்தது. இண்டைக்கி அம்பத்தெட்டாயிரம்," என்றாள்.

பிளேட்லெட் என்பது இரத்தத்தில் ஓடும் ஒரு பொடிச் சமாச்சாரம். எங்காவது கசிந்தால் ஓடிப்போய் அடைப்பது அதன் தொழில். நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்தவருக்கு இரண்டு மூன்று நாள் அது குறைவது வழக்கம், பிறகு ஏற வேண்டும். சேதுராமனுக்கும் ஐந்தாம் நாள்வரை மரியாதையாக ஏறி, அதன் பின் மழை நாளில் கருங்கல் படியில் கால் வைத்தவரைப்போல இறங்கியது.

"இரத்தம் என்ர பகுதியில்லைப் பிள்ளை. நான் பொருத்தினது வால்வு," என்று சொல்லிப் பெரிய டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்று மத்தியானமே சிங்கப்பூருக்கும் போனார். அங்கே ஐந்து நாள் மகாநாடு. தலைப்பு, 'இருதய நோயாளிகளின் பாதுகாப்பு'.

அவர் போனதும் வாட்டுச் சிஸ்டர் சுகாதார அமைச்சு அனுப்பிய சுற்றுநிருபத்தை எடுத்தார். டெங்குக் காலத்தில் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போகும் எவரும் டெங்கு நோயாளியாகக் கருதப்படுவர் என்று அதில் இருந்தது. 'எவரும்' என்ற சொல்லுக்கு அடியில் யாரோ சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள். கோடு போட்டவர் இறந்து போனாலும் கோடு இருக்கும்.

"எனக்குக் காய்ச்சலே இல்லையேங்க," என்றார் சேதுராமன்.

"காய்ச்சல் இல்லாத டெங்குதான் மோசம்," என்றார் சிஸ்டர்.

சிஸ்டர் நிரப்புவதற்கு டெங்குப் போர்ம் எடுக்கப் போனதும் றம்லத் கட்டில் பக்கம் குனிந்தாள். "அங்கிள், இது டெங்கு இல்ல. காலையிலயும் அந்திக்கும் ஒரு ஊசி போடுறாங்களே, வால்வுல ரத்தம் கட்டாம ஈக்க. சில பேருட ஒடம்புக்கு அது ஒத்துக்காது. பிளேட்லெட்டயும் குறைச்சிட்டு, கடைசில ரத்தத்தக் கட்டவும் வெச்சிடும். அத நிப்பாட்டிட்டு வேற மருந்து போடணும்."

"அப்ப நிப்பாட்டுங்க மகள்."

"என்ட பேனா நீலம், அங்கிள்."

சேதுராமனுக்கு விளங்கவில்லை. அவள் டிக்கட்டைக் காட்டினாள். கட்டில் தலைமாட்டில் தொங்கும், நோயாளியின் சரித்திரம் முழுவதும் எழுதிய அட்டைக்குத்தான் ஆஸ்பத்திரியில் டிக்கட் என்று பெயர். அதில் ஊசியின் பெயர் பச்சை மையில் இருந்தது. அந்த வாட்டில் பச்சை மை பெரிய டொக்டருக்கு மட்டும் உரியது. பச்சையில் எழுதியதைப் பச்சைதான் வெட்டலாம். எந்தச் சட்டத்திலும் இது எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

றம்லத் சும்மா இருக்கவில்லை. பெரிய டொக்டருக்கு அடுத்தவரிடம் போனாள். அவர், "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும், அதனாலதான் நான் தலையிடல்ல," என்றார். சிங்கப்பூருக்கு எடுத்தாள். டொக்டர் மேடையில் இருக்கிறார் என்று பதில் வந்தது. இரத்தப் பிரிவு டொக்டரைக் கூட்டி வந்தாள். அவர் டிக்கட்டை இரண்டு முறை படித்துவிட்டு, 'ஊசியாக இருக்கலாம். டெங்குவாக இருக்கலாம். இரண்டுமாக இருக்கலாம். இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். கவனிக்கவும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். தேதி மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

அந்தி நேரம் சேதுராமனைக் கீழ் மாடி டெங்கு வாட்டுக்குக் கொண்டுபோய் நுளம்பு வலைக்குள் படுக்க வைத்தார்கள். டெங்குச் சோதனையில் 'இல்லை' என்று வந்தது. டெங்கு வாட்டு டொக்டர் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "இல்லை என்றால் இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம்," என்றார்.

அங்கே சேதுராமனின் தலைமாட்டில் இரண்டு அட்டைகள் தொங்கின. மேல் மாடியிலிருந்து கூடவே வந்த அட்டையில், இருதய நோயாளி, ஒரு நாளைக்கு ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று இருந்தது. கீழ் மாடி அட்டையில், டெங்கு நோயாளி, ஒரு நாளைக்கு இரண்டரை லீற்றர் கட்டாயம் என்று இருந்தது. சேதுராமன் எந்த அட்டைப்படி குடிப்பது என்று கேட்டார். நர்ஸ் மிஸ் நல்ல பிள்ளை. யோசித்துப் பார்த்து, ஒற்றை நாளில் அதன்படியும் இரட்டை நாளில் இதன்படியும் குடிக்கச் சொன்னாள்.

ஊசி மட்டும் ஒற்றை இரட்டை பார்க்கவில்லை. டிக்கட் மேல் மாடிக்குச் சொந்தம் என்பதால் காலை ஆறுக்கும் அந்தி ஆறுக்கும் மேல் மாடி மிஸ் ஒருத்தி ஊசித் தட்டோடு இறங்கி வந்தாள். கீழ் மாடி மிஸ் மரியாதையாக வலையைத் தூக்கிப் பிடித்தாள். எண்பத்து நாலு படி இறங்கி வந்து ஒரு மனிதனுக்குக் கெடுதல் செய்ய இவ்வளவு கடமையுணர்ச்சி வேறு எங்கும் கிடையாது. பிளேட்லெட் நாற்பத்தோராயிரம் ஆனது. அடுத்த நாள் முப்பத்து மூவாயிரம். கடை முதலாளி ஜவாஹிர் ஒரு போத்தல் பப்பாசி இலைச் சாறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவராவது மனதறிந்து எதையோ செய்தார்.

ஒன்பதாம் நாள் காலை சேதுராமனின் இடது கால் பெருவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. றம்லத் தொட்டுப் பார்த்தாள். விரல் குளிர்ந்திருந்தது. அவள் முகம் மாறியதைச் சேதுராமனின் மனைவி இராஜகுமாரி பார்த்துவிட்டாள்.

"கால் போயிருமா டொக்டர் மிஸ்?"

"காலோட நிண்டா நல்லம் ஆண்ட்டி. கட்டி மூளைக்குப் போகலாம், வால்வையே அடைக்கலாம். இண்டைக்கும் நாளைக்கும் ஊசி போனா என்னால ஒண்டும் செல்ல ஏலாது."

சேதுராமனுக்கு அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. நெஞ்சைப் பிளந்தபோது வராத பயம். ஊசி வேண்டாம் என்று மறுத்துவிட்டால் என்ன என்று கேட்டார். தாராளமாக மறுக்கலாம், அதற்கும் ஒரு போர்ம் இருந்தது. அந்தப் போர்மில் சாட்சியாகப் பெரிய டொக்டர் கையெழுத்திட வேண்டும். இருபத்தாறு வருடம் கடையில் நின்றவர் அவர். போட்ட வால்வு நல்லதாக இருந்து தண்ணீர் கலங்கி வந்தால், தண்ணீரைப் பார்க்காமல் பக்கத்து வீட்டு வேலியைப் பார்க்கும் ஆட்களை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை.

இதற்கிடையில் ஆஸ்பத்திரி அனுப்பிய டெங்குப் போர்ம் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வீடு வீடாக நுளம்பு தேடும் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஷிராஸ், கட்டுகஸ்தோட்டையில் அவர்கள் வீட்டுக்கு வந்தார். உடை மாற்றப் போயிருந்த இராஜகுமாரி கதவைத் திறந்தாள். அவர் வீட்டைச் சுற்றி வந்தார். கூரையில் ஏறினார். கடைசியில் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை இழுத்து, அதில் நாலு தேக்கரண்டி தண்ணீர் நிற்பதைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். கேட்டில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டினார். தண்ணீர் தேங்கவிட்ட குற்றத்துக்குக் கோட்டுக்கு வரச் சொல்லி ஒரு கடதாசியும் எழுதிக் கொடுத்தார்.

"அவருக்கு நெஞ்சில ஒப்பரேசன். நுளம்பு கடிக்கலங்க," என்றாள் இராஜகுமாரி.

"கடிச்சதா இல்லியா எண்டு நாங்க பாக்கிறல்ல, அக்கா. போர்ம்ல ஒரு கட்டம் ஈக்குது, அத நிரப்பணும். கடைசிப் பதினாலு நாளா அவர் எங்க இருந்த?"

"ஆஸ்பத்திரியில. இன்னையோட இருபத்துமூணு நாளு. ஒப்பரேசனுக்கு முன்னயே ரெண்டு கெழம படுக்க வச்சிருந்தாங்க."

ஷிராஸ் எழுதுவதை நிறுத்தினார். "அப்ப நுளம்பு ஆஸ்பத்திரியிலதானே கடிச்சிருக்கணும்."

"அங்க போய்ப் பாருங்க அப்ப."

"அங்க எங்களுக்குப் போக ஏலாது அக்கா. அவங்கதானே எங்களுக்குப் போர்ம் அனுப்புறவங்க."

கட்டம் நிரம்பாத போர்ம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தது. அப்போதுதான் ஆஸ்பத்திரி முதன்முறையாகப் பதறியது. ஒரு மனிதனின் கால் விரல் கறுத்ததற்குப் பதறாத கட்டடம், ஒரு கட்டம் வெறுமையாக இருந்ததற்குப் பதறியது. காரணம் இல்லாமல் இல்லை. போன மாதம்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு 'நுளம்பற்ற நிறுவனம்' என்று மாகாண விருது கிடைத்திருந்தது. நுளம்பற்ற ஆஸ்பத்திரியில் இருபத்துமூன்று நாள் படுத்திருந்தவனுக்கு டெங்கு வந்தது என்று கடதாசியில் ஏறினால், விருதை என்ன செய்வது?

ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் அவசரக் கூட்டம் கூட்டினார். குறிப்பு எழுத ஒரு சின்ன டொக்டர் தேவைப்பட்டதால் றம்லத்தை உட்கார வைத்தார்கள். டெங்கு இல்லை என்று சொல்லிவிடலாமே என்று யாரோ தவறிப்போய்ச் சொன்னார். அப்படியானால் சுற்றுநிருபம் பிழையாகிவிடும் என்றார் பணிப்பாளர். எல்லோரும் தேநீர் குடித்தார்கள்.

றம்லத் எழுதுவதை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டாள். நோயாளியின் டிக்கட்டை வெட்டி வீட்டுக்கு அனுப்பினால் என்ன? டெங்குப் போர்மும் அந்த டிக்கட்டோடு முடிந்துவிடும். பிறகு கட்டுகஸ்தோட்டையிலிருந்து பிளேட்லெட் குறைந்து ஒருவர் வருவார். புது ஆள், புது டிக்கட், வீட்டு விலாசம்.

பணிப்பாளர் அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "நிருவாகத்தில் உனக்கு எதிர்காலம் இருக்கிறது, மகளே," என்று சிங்களத்தில் சொன்னார்.

புது டிக்கட்டை எழுதுவது, வாட்டில் நிற்கும் சின்ன டொக்டரின் வேலை. அதில் பச்சை மை இருக்காது. இதை அவள் கூட்டத்தில் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

மூன்று நாளாக ஓடி ஒரு வரியை வெட்ட முடியாமல் இருந்தவளுக்கு, முழு மனிதனையே வெட்டி அனுப்ப முப்பது நிமிடம் போதுமாக இருந்தது. முத்திரைகள் பறந்து வந்தன. ஆனால் வாசல் காவலாளி நேர்மையானவன். ஆள் வெளியே போகாமல் 'வெளியே போனார்' என்று எழுத மாட்டேன் என்று நின்றான். ஆகவே சேதுராமனைச் சில்லுக் கதிரையில் உட்கார வைத்து, கேட்டுக்கு வெளியே, வடைக் கடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பத்து நிமிடம் அவர் சுதந்திர மனிதராக இருந்தார். அந்தி ஆறு மணி ஊசிக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது.

பிறகு இராஜகுமாரி கதிரையைத் தள்ளிக்கொண்டு போய் வெளிநோயாளர் வரிசையில் நம்பர் எடுத்தாள். நூற்றுப் பதினேழு. அப்போது ஓடியது தொண்ணூற்றெட்டு. நெஞ்சில் தையலோடும் கறுத்த கால் விரலோடும் சேதுராமன் சளிக்காரர்களுக்கும் சொறிக்காரர்களுக்கும் நடுவில் காத்திருந்தார். இராஜகுமாரி ஒவ்வொருவரிடமும் கெஞ்சி நம்பரை மாற்றி மாற்றி முன்னுக்கு வந்தாள். அழுதுகொண்டேதான் கெஞ்சினாள், அழுகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த லிகிதர், "முன்ன எப்பவாவது இந்த ஆஸ்பத்திரியில இருந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருந்திருக்கேங்க," என்றார் சேதுராமன்.

"எப்ப?"

"இப்பத்தாங்க."

லிகிதர் 'ஆம்' என்று எழுதினார்.

ஆறு மணிக்கு மேல் மாடி மிஸ் தட்டோடு இறங்கி வந்தபோது, சேதுராமன் அதே கட்டிலில், அதே வலைக்குள் இருந்தார். அவள் தலைமாட்டைப் பார்த்தாள். பழைய டிக்கட் இல்லை. புது டிக்கட்டில் நீல எழுத்தில் வேறொரு மருந்து இருந்தது. ஊசி போடவேண்டிய சேதுராமன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று புத்தகத்தில் இருந்தது. "இது வேற ஆளு," என்று சொல்லிவிட்டு அவள் படியேறிப் போனாள். இராஜகுமாரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புது மருந்து தொடங்கி மூன்றாம் நாள் பிளேட்லெட் ஐம்பத்திரண்டாயிரம். ஐந்தாம் நாள் தொண்ணூறாயிரம். பெருவிரலில் மெல்லச் சூடு வந்தது, நகம் மட்டும் போனது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய பெரிய டொக்டர் குழலை வைத்துக் கேட்டார். புது டிக்கட்டைப் பார்த்தார். அதில் வெட்டப்பட்ட பச்சை வரி ஒன்றும் இல்லாததால், அடியில் பச்சையில் கையெழுத்து வைத்தார்.

ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆன அன்று சேதுராமனை வைத்து ஒரு வைபவம் நடந்தது. புது வால்வோடு டெங்குவும் வந்து பிழைத்த ஆள் இவர்தான் என்று விளக்கேற்றினார்கள்.

பணிப்பாளர் பேசினார். "ஒரே நோயாளியை இரண்டு தடவை அனுமதித்து, இரண்டு தடவையும் உயிரோடு வீட்டுக்கு அனுப்புகிறோம். புள்ளிவிவரப்படி இது நூறு வீத முன்னேற்றம்."

டெங்கு வாட்டு டொக்டர் பேசினார். "சோதனையில் இல்லாத டெங்குவையே நாங்கள் இப்படிக் குணப்படுத்துகிறோம் என்றால், இருக்கும் டெங்குவை எப்படிக் குணப்படுத்துவோம் என்று யோசித்துப் பாருங்கள்."

பெரிய டொக்டர் சுருக்கமாக முடித்தார். "ஆளுக்கு என்ன நடந்தாலும் வால்வு ஒரு நிமிஷம் நிக்கேல்லை."

சேதுராமனை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்றார். றம்லத் கதவோரம் தேநீர்க் கோப்பைகளை எண்ணிக்கொண்டு நின்றாள். அவள் பெயரை யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லவேண்டும் என்றுதான் அவர் எழுந்தார். அவள் தலையை மெல்ல ஆட்டினாள். வேண்டாம். அவர் சொன்னால், பச்சை வரியை யார் நிறுத்தினார் என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் விசாரணை வரும். இரும்புக்கடைக்காரருக்கும் அது விளங்கியது.

"எல்லாருக்கும் நன்றிங்க," என்றார். "நுளம்புக்கும் நன்றி சொல்லணும். இத்தன நாள் இங்க என்மேல கை வைக்காம இருந்தது அது ஒன்னுதாங்க."

பணிப்பாளருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்தவர், ஆஸ்பத்திரியில் நுளம்பே இல்லை என்று நோயாளி பாராட்டுகிறார் என்று மொழிபெயர்த்தார். பலத்த கைதட்டல்.

மூன்று வாரம் கழித்து கிளினிக்குக்கு வந்தபோது, தாழ்வாரத்தில் றம்லத் அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். தூங்கி இரண்டு நாள் இருக்கும் என்று தோன்றியது.

"அங்கிள், மேல ஒரு பேஷன்ட் ஈக்காரு. மகியங்கனைப் பக்கத்து ஆளு, வயசு அறுவத்தெட்டு. வால்வு போட்டு ஆறு நாள். அதே ஊசி. இண்டைக்கி நாப்பத்தாறாயிரம்."

"பெரிய டொக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சென்னேன். வால்வு நல்லா ஈக்காம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "டிக்கட்ட வெட்டணும், அங்கிள். ஆனா அவர்ட விலாசம் வேற மாகாணம். புது டிக்கட் போட அங்கத்த சுகாதாரக் கந்தோர் கடிதம் வேணும், அது வர பத்து நாளாகும். கண்டிக்குள்ள ஒரு வீடு வேணும். உங்கள்ட கேக்க எனக்கு வெக்கமா ஈக்குது. திரும்ப நோட்டீஸ் ஒட்டுவாங்க."

சேதுராமன் இராஜகுமாரியைப் பார்த்தார். அந்தச் சிவப்பு நோட்டீஸுக்காக அக்கம்பக்கத்தார் முகம் திருப்பியதைத் தாங்கியதும், கோட்டு வாசலில் அரை நாள் நின்றதும் அவள்தான். அவள் றம்லத்தின் கையிலிருந்த போர்மை வாங்கிப் பார்த்தாள்.

"எழுதுங்க மகள்," என்றார் சேதுராமன். "நம்ம விலாசந்தான் உங்களுக்குத் தெரியுமே."

"சொந்தம் என்னண்டு ஒரு கட்டம் ஈக்குது."

"அண்ணன்னு போடுங்க."

"பேரு டிங்கிரி பண்டா, அங்கிள். சிங்கள ஆளு."

"போடுங்க. கட்டம் நெரம்பினா அவங்க வாசிக்க மாட்டாங்க."

றம்லத் எழுதினாள். இராஜகுமாரி போர்மைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த பி.எச்.ஐ. எந்த நாள் வருவார்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க," என்றாள். "வியாழக்கெழம நான் வீட்டுல இருக்க மாட்டேன்."